சாந்தகுமாரி வாட்சைத் தேய்த்த கதை

"அப்பாவுக்கு அந்த வாட்ச் வேணுமாம்" என்று பார்கவி சொன்னபோது, சாந்தகுமாரி ஒரு டீச்சரம்மாவின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பிரஷ் அப்படியே நின்றது. டீச்சரம்மா எதிரிலிருந்த கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று கண்களை மூடிக்கொண்டார்.

"எந்த வாட்ச்?"

"நீ கட்டியிருக்கியே, அதுதான். என் கல்யாணத்துக்குக் கட்டிக்கணுமாம்."

"ஏன், ஒக்கலிபுரத்துல வாட்ச் கடையே இல்லையா?"

அப்பாவிடமிருந்து சேதி கொண்டுவருவதும் அம்மாவிடமிருந்து வசவு கொண்டுபோவதும் பார்கவிக்குப் பழகிப்போன வேலை.

சாந்தகுமாரி பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அதே வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். இரண்டு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், உதவிக்கு விஜி என்கிற பெண். தெருவில் சாந்தகுமாரிக்குக் கோபக்காரி என்று பெயர். தண்ணீர் வண்டிக்காரனிடம் கன்னடத்தில் சண்டை போடுவாள், கறிக்கடை பாயிடம் உருதுவில் சண்டை போடுவாள். எந்த மொழியில் ஆரம்பித்தாலும் கடைசி வார்த்தை மட்டும் தமிழில் வரும். அதைக் கேட்டபின் எதிராளி நிற்க மாட்டான்.

நின்று பார்த்தவன் அர்ஜுனன் ஒருவன்தான். அவள் புருஷன். ஒரு கேட்டரிங் கம்பெனியில் சூப்பர்வைசர். சில வருஷங்களுக்கு முன் அவனும் வீட்டைவிட்டுக் கிளம்பி, ஒக்கலிபுரத்தில் இருக்கும் அக்கா சீதாலட்சுமியோடு போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பேரும் கோர்ட்டுக்கும் போகவில்லை, சமாதானத்துக்கும் போகவில்லை. பார்கவி மட்டும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அப்பாவைப் பார்த்துவிட்டு வருவாள்.

அந்த வாட்ச், கல்யாணத்தன்று சாந்தகுமாரியின் அப்பா பச்சைமுத்து மாப்பிள்ளைக்குப் போட்டது. ஸ்டீல் வாட்ச், ஸ்டீல் செயின். அர்ஜுனன் போகும்போது அதை வாஷ்பேசின் மேலிருந்த தட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனான். மறந்தானோ வேண்டுமென்றே விட்டானோ, அவள் கேட்கவில்லை. எங்கப்பா வாங்கியது, என் வீட்டில் கிடக்கிறது, இனி என்னுடையது என்று முடிவு செய்தாள். செயினில் இரண்டு துண்டைக் கழற்றச் சொல்லித் தன் கைக்கு அளவாக்கிக் கட்டிக்கொண்டாள். ஃபேஸ்பேக் காய்வதும் சாயம் ஊறுவதும் அந்த வாட்சைப் பார்த்துத்தான்.

"இன்னொண்ணும் சொன்னாரு" என்றாள் பார்கவி.

"என்ன?"

"'அவ கையில எது உருப்படியா இருந்திருக்கு? வாட்ச் என்ன கதியில இருக்குதோ'ன்னாரு. அத்தை சிரிச்சாங்க."

இதைப் பார்கவி சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னாள். சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாந்தகுமாரி டீச்சரம்மாவின் தலையில் மிச்சச் சாயத்தைப் பூசிய வேகத்தில், அவருடைய காதிலும் கொஞ்சம் கறுப்பு ஏறியது.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் வாட்சைக் கழற்றி ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். டயலுக்கு ஒன்றுமில்லை. கண்ணாடியிலும் கீறல் இல்லை. ஆனால் மணிக்கட்டுக்கு உள்பக்கம் வருகிற லாக், செயினின் இரண்டு முனையையும் சேர்த்து மூடுகிற அந்தத் தட்டு, பார்க்கச் சகிக்கவில்லை. நாற்காலிக் கை, வாஷ்பேசின் விளிம்பு, கல்மேடை என்று எல்லாவற்றிலும் உரசி, குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக் கிடந்தது. சீதாலட்சுமி முதலில் பார்க்கப்போவது அந்த இடத்தைத்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பாள்.

"பார்கவி!" என்று கத்தினாள். "ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கச் சொல்லு. அக்காவையும் கூட்டினு வரச் சொல்லு. கடையில இருந்து எடுத்தாப்ல குடுக்கிறேன். ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது."

"கடையில குடுத்தா மெஷின்ல போட்டு பாலிஷ் பண்ணித் தருவாங்கக்கா" என்றாள் விஜி.

"'புருஷன் வாட்சா அக்கா, அவர் இப்ப எங்க இருக்காரு'ன்னு கேப்பான். ஊர் பூராக் கேட்டு முடிச்சாச்சு. அவன் ஒருத்தன்தான் பாக்கி."

முதலில் பூஜை விளக்கைத் துலக்கும் பசையை எடுத்து, பழைய பனியன் துணியால் லாக்கைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மினுமினுவென்று வந்தது. கழுவித் துடைத்துப் பார்த்தாள். லாக் மட்டும் கவரிங் நகை போலப் பளபளக்க, பக்கத்துச் செயின் துண்டுகள் பழையபடி மங்கலாக இருந்தன. கீறல்கள் போகவும் இல்லை. பளபளப்பில் ஒவ்வொன்றும் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

"நாசமாப் போக" என்று துணியை வீசினாள். விஜியின் தோளில் போய் விழுந்தது.

கழற்றி வைத்த இரண்டு துண்டுகளின் ஞாபகம் அப்போதுதான் வந்தது. ஹேர்பின் டப்பாவின் அடியில் கிடந்தன. யார் கையிலும் உரசாததால் அப்படியே இருந்தன. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். அது வெறும் மங்கல் இல்லை. மயிரிழையைவிட மெல்லிய கோடுகள் நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே திசையில், செயின் போகிற வாக்கில் ஓடின. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைமுடி மாதிரி. மூன்று பக்கம் கலைந்த தலையை எண்ணெய் பூசி மினுக்கினால் சரியாகிவிடுமா? ஒரே பக்கமாக வார வேண்டும். அதுதான் செய்ய வேண்டியது என்று புரிந்தது.

போனில் ஒரு வீடியோ பார்த்தாள். யாரோ ஒருவன் இங்கிலீஷில் முணுமுணுத்துக்கொண்டே எமரி பேப்பர் என்கிற உப்புத்தாளில் தேய்த்தான். பேச்சு பாதி புரியவில்லை. கைகள் செய்தது புரிந்தது. மறுநாள் தெருமுனை ஹார்ட்வேர் கடைக்குப் போனாள்.

"யாவ நம்பர் பேக்கம்மா?" என்றார் கடைக்காரர்.

எந்த நம்பர் பேப்பர் வேண்டும் என்று அவளுக்கு என்ன தெரியும்? செயின் துண்டை நீட்டி, இந்த மாதிரி வரவேண்டும் என்று கன்னடத்தில் சொன்னாள். அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சொரசொரப்பாக ஒன்றும் அதைவிட நைசாக இரண்டும் எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் தொங்கிய பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரையும் சேர்த்துக் கொடுத்து, கடைசியில் இதால் இழுங்கள் என்றார்.

அன்று மதியம் வேலையை ஆரம்பித்தாள். செயினிலிருந்து லாக்கைக் கழற்றும்போது, இரண்டையும் கோத்திருந்த சின்ன ஸ்பிரிங் ஊசி தெறித்து எங்கோ பறந்தது. வெட்டி விழுந்த முடிக்குள் அதைத் தேடி இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டார்கள். முடியைக் கூட்டி முறத்தில் அள்ளி, பிரித்துப் பார்த்து விஜி எடுத்தாள். அதுவரை சாந்தகுமாரி திட்டிய திட்டு, விஜிக்குப் பாதி, அர்ஜுனனுக்குப் பாதி.

லாக்கின் ஓரங்கள் இரண்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. நடுப்பட்டைக்குத்தான் கோடு. ஓரத்தில் பேப்பர் பட்டால் அதுவும் கெட்டுப்போகும் என்று அங்கே டேப் ஒட்டினாள். முதலில் கையில் வைத்துத் தேய்த்ததில் மணிக்கட்டு திரும்பத் திரும்பக் கோடெல்லாம் வளைந்து விழுந்தது. அதனால் எமரி பேப்பரைக் கல்மேடையில் ஒட்டி, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை அணைத்து வைத்து, லாக்கைக் கவிழ்த்து ஸ்கேலை ஒட்டியே இழுத்தாள். ஒரே பக்கம்தான். இழுத்து, தூக்கி, ஆரம்பித்த இடத்தில் வைத்து மறுபடி இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் கோடுகள் கலைந்துவிடுகின்றன. மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை அது. அவளோ பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

சின்னக் கீறல்கள் சீக்கிரமே மறைந்தன. ஒன்று மட்டும் போகவில்லை. தட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, நகம் மாட்டுகிற ஆழத்தில் கிடந்தது.

அது அவள் கையில் விழுந்த கோடு இல்லை.

பார்கவி பத்தாவது படித்துக்கொண்டிருந்த வருஷம். சீதாலட்சுமி வீட்டில் ஒரு விசேஷம். அதே ஞாயிற்றுக்கிழமை சாந்தகுமாரிக்கு ஒரு கல்யாணப் பெண்ணின் மேக்கப் இருந்தது. ஒத்துக்கொண்டதை விட முடியாது என்றாள். எங்கக்காவைவிட எவளோ ஒருத்தியின் மூஞ்சி உனக்குப் பெரிதா என்றான் அர்ஜுனன். உங்கக்கா மூஞ்சியை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றாள் இவள். கையை ஓங்கி வீசினான். அவள் நகர்ந்துகொண்டாள். அவள் கன்னத்துக்கு வந்த கை ஜன்னல் கம்பியில் மோதி இழுத்துக்கொண்டு போனது. உள்ளங்கைப் பக்கம் இருந்த லாக்கில் கம்பி கிழித்தது. அவன் முதலில் திருப்பிப் பார்த்தது வாட்சைத்தான். அப்புறம் தன் கையை. அவளைப் பார்க்கவே இல்லை.

அதற்கு முன்னால் அவன் கை நீட்டியதில்லை, பின்னாலும் நீட்டவில்லை. அந்த ஒரு தடவையும் அடி அவள் மேல் படவில்லை. அதனால் அதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லாமலே விட்டாள். ஆனால் அன்றையிலிருந்து அவனுக்குத் தட்டில் சோறு போடுவதை நிறுத்தினாள். பாத்திரத்தோடு வைத்துவிட்டுப் போய்விடுவாள். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் கிளம்பிப் போனான்.

"இந்த ஒண்ணை விட்டுடுங்கக்கா. தோண்டினா தட்டே தேஞ்சிடும்" என்றாள் விஜி.

விட்டுவிடலாம் என்று அவளுக்கும் தோன்றியது. கிடக்கட்டும், கட்டிக்கொண்டு போகட்டும். ஆனால் அவன் அப்படியா நினைப்பான்? நான் நல்லபடியாக விட்டுப் போனேன், இவள்தான் கெடுத்தாள் என்பான். சீதாலட்சுமி ஆமாம் போடுவாள்.

"முடியாது. அந்த ஆள் வந்து நின்னா குத்தம் சொல்ல ஒண்ணுமே இருக்கக் கூடாது."

சொரசொரப்பான பேப்பர் வழவழப்பானது. அதைக் கிழித்து எறிந்துவிட்டு, நகத்துக்குப் போடும் முரட்டு அரத்தை எடுத்தாள். அதுவும் மழுங்கியது. விஜியைத் திரும்பவும் ஹார்ட்வேர் கடைக்கு விரட்டினாள். விரல்நுனி கறுத்து, கட்டைவிரலில் தோல் உரிந்தது. ஐப்ரோவுக்கு வந்த ஒரு பெண், "சும்னே எதுக்கு ஆண்ட்டி இவ்வளவு கஷ்டம், புதுசு வாங்கிடலாமே" என்றாள். அவளுக்கு அன்றைக்கு ஐப்ரோ நடக்கவில்லை.

கடைசியில் அந்தக் கோடு போனது. ஆழம் குறைந்து, நிழல் மாதிரி ஆகி, அப்புறம் எங்கே இருந்தது என்றே தெரியாமல் போனது. அதற்குப் பிறகு நைஸ் பேப்பரில் இழுத்தாள். பச்சை நாரை மேடையில் விரித்து அதில் நீளவாக்கில் இழுத்தாள். டேப்பை உரித்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் டூத்பிரஷ் போட்டுக் கழுவினாள். பழைய துண்டுகளையும் சேர்த்து மாட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, லாக்கிலிருந்த கோடுகளும் செயின் கோடுகளும் ஒன்றாக ஓடின. விஜி வாங்கிப் பார்த்தாள்.

"எப்படிக்கா இது!"

சாந்தகுமாரிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "வரட்டும் ரெண்டு பேரும்" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சீதாலட்சுமி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். உட்காரச் சொல்லாததால் பார்லர் நாற்காலியில் தானாகவே உட்கார்ந்துகொண்டாள். அர்ஜுனன் வாசலருகே நின்றான். முன்னைவிட இளைத்திருந்தான். பார்கவி உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

சாந்தகுமாரி வாட்சை மேடைமேல் வைத்துத் தள்ளினாள். "பாத்துக்கோ."

அவள் அவனை ஒருமையில் பேசி யாரும் கேட்டதில்லை. சீதாலட்சுமியின் புருவம் ஏறியது. அர்ஜுனன் வாட்சை எடுத்தான். டயலைப் பார்த்தான். திருப்பினான். விரலால் லாக்கைத் தடவினான். மறுபடியும் தடவினான். சீதாலட்சுமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"இது என் வாட்ச் இல்ல" என்றான்.

"என்னது?"

"இது வேற. என்னுதை என்ன பண்ணே?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? எங்கப்பா போட்ட வாட்ச்தான் அது."

"நான் கட்டின வாட்ச் எனக்குத் தெரியாதா? இது புது லாக். என்னுதுல குறுக்கால பெருசா ஒரு கோடு இருக்கும்."

"தேச்சு எடுத்தேன்."

"அந்தக் கோட்டைத் தேச்சு எடுக்க முடியாது. அவ்ளோ ஆழம்."

"எனக்கு அப்பவே தெரியும்டா" என்றாள் சீதாலட்சுமி. "டூப்ளிகேட் குடுத்து அனுப்பப் பாக்கறா. கல்யாண வீட்டுலயே இப்படின்னா மத்த நாள்ல எப்படி?"

இத்தனை நாள் உரித்த தோலுக்கு இதுவா பதில்? உள்ளே போய்க் கிழித்துப்போட்ட எமரித் துண்டுகளை அள்ளி வந்து அவர்கள் முகத்தில் வீசலாம் என்று சாந்தகுமாரி நினைத்தாள். ஆனால் வாயில் வேறு வார்த்தை வந்தது.

"அந்தக் கோடு எப்படி விழுந்துச்சு? அதைச் சொல்லு முதல்ல."

அர்ஜுனன் வாட்சின் செயினை விரலால் உருட்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லேன்டா" என்றாள் சீதாலட்சுமி. "என்ன பயம் உனக்கு?"

"கேட்டுல பட்டுச்சு."

"எந்த கேட்டு?" என்றாள் சாந்தகுமாரி.

"கம்பெனி கேட்டு. லோடு இறக்கும்போது."

"ஜன்னல் கம்பிப்பா" என்று ஒரு குரல் கேட்டது.

பார்கவி காபித் தட்டோடு கதவருகே நின்றுகொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "உள்ரூம் ஜன்னல். நீங்க அம்மாவை அடிக்க ஓங்கினீங்க. நான் கட்டில்ல படிச்சினு இருந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு."

சாந்தகுமாரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். அன்று அவள் டியூஷனில் இருந்தாள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

சீதாலட்சுமி தம்பியைப் பார்த்தாள். "அப்படியாடா?" என்றாள். அவன் தரையைப் பார்த்தான். "கோவத்துல எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான்" என்று அவளே முடித்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் டூப்ளிகேட் பேச்சு அத்தோடு நின்றது.

வாட்சை வைத்துவிட்டுப் போனால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும், எடுத்துக்கொண்டு போனாலும் அப்படித்தான். அர்ஜுனன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பார்கவி தட்டை இறக்கிவைத்துவிட்டு வந்து, வாட்சை அவன் சட்டைப் பையில் போட்டாள். "எடுத்துக்கோங்க. கல்யாணத்துக்கு நேரத்தோட வந்துடுங்க."

காபி குடிக்காமல் போனார்கள்.

தெருவில் ஆட்டோ சத்தம் போனதும் சாந்தகுமாரி மகளிடம் திரும்பினாள். கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

"தெரிஞ்சுமா மாசாமாசம் அங்க போனே?"

"ஆமா."

"என்னை அடிக்க வந்தவன் வீட்டுல போய்ச் சோறு தின்னுட்டு வந்தே?"

"அவர் எனக்கு அப்பாம்மா."

"நான் யாரு?"

"நீயும் சொல்லலையே" என்றாள் பார்கவி. இப்போது அவளுக்கும் குரல் ஏறியிருந்தது. "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன். தினம் அவரைத் திட்டுவே. சாப்பாட்டுக்கு, சட்டைக்கு, குறட்டைக்குத் திட்டுவே. இதை மட்டும் சொல்லவே மாட்டே. நான் என்னன்னு நினைக்கறது? நான் கண்டது கனவான்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு."

சாந்தகுமாரி காபி டம்ளர்களைத் தொட்டியில் வீசினாள்.

அதற்கப்புறம் தாயும் மகளும் பேசவில்லை. கல்யாண வீட்டில் பூக்காரர் வந்தார், சமையல்காரர் வந்தார், எல்லோரிடமும் இரண்டு பேரும் தனித்தனியாகப் பேசினார்கள். "மஞ்சள் எங்க இருக்குன்னு உங்கம்மாவைக் கேளு" என்று யாராவது சொன்னால், பார்கவி விஜியிடம் கேட்பாள், விஜி சாந்தகுமாரியிடம் கேட்பாள். வீட்டில் இன்னொரு ஒக்கலிபுரம் உண்டாகிவிட்டது.

மேக்கப்புக்கு இந்திரா நகரிலிருந்து ஒரு பெண்ணை பார்கவி ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தாள். பெற்ற தாய் பார்லர் வைத்திருக்கும்போது வெளியாளா என்று அதற்கும் ஒரு சண்டை முன்பே நடந்து முடிந்திருந்தது. ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பார்கவி தலையைத் துவட்டிக்கொண்டே பார்லருக்குள் வந்தாள். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள். இரண்டு விரலால் தன் இமையை மேலும் கீழும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஐப்ரோவுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் பிடித்தால்தான் நூல் ஓடும்.

விஜி நூல்கண்டை எடுத்தாள். சாந்தகுமாரி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

நூலைப் பல்லில் கடித்து, விரலில் முறுக்கி, புருவத்தில் வைத்து ஓட்டினாள். கொஞ்சம் அழுத்தியே ஓட்டினாள். பார்கவியின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்" என்றாள் சாந்தகுமாரி. ஆனால் அடுத்த இழுப்பு மெதுவாக இருந்தது.

இரண்டாவது புருவம் முடியும்போது பார்கவி கண்ணைத் திறக்காமலே, "தாரை வார்க்கறப்ப நீயும் அப்பாவும் சேர்ந்து நிக்கணும். மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்க" என்றாள்.

"நிக்கிறேன். அந்த ஆள் மூஞ்சியைப் பாக்க மாட்டேன்."

"பாக்க வேணாம்."

மறுநாள் அர்ஜுனன் நேரத்தோடு வந்தான். வாட்சைக் கட்டியிருந்தான். முழுக்கைச் சட்டையின் பட்டன் போட்டு அதை மறைத்திருந்தான். வெளியே காட்டவும் மனமில்லை, கழற்றி வைக்கவும் மனமில்லை போலிருக்கிறது. தாரை வார்க்கக் கூப்பிட்டபோதுதான் தண்ணீர் படக்கூடாதே என்று கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மகளின் கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் இடம் விட்டு சாந்தகுமாரி நின்றாள்.

"கொஞ்சமா ஊத்தினாப் போதும்மா" என்றார் ஐயர்.

அவள் செம்பை அடிவரை கவிழ்த்தாள். பார்கவியின் கை வழியாக ஓடிய தண்ணீர் அர்ஜுனனின் முழங்கை வரை நனைத்து, புது வேட்டியில் கொட்டியது. சீதாலட்சுமி எதிரிலிருந்து முறைத்தாள். கூட்டத்துக்குப் பின்னால் விஜி வாயைப் பொத்திக்கொண்டாள். அர்ஜுனன் கையை எடுக்கவில்லை. ஈரச் சட்டையோடு கடைசி வரை நின்றுவிட்டு, எல்லோரையும் போல வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.